அந்தப் பாத்திரத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறது?

(வீட்டை ஒழித்துப் போடுவது பற்றியும், பழைய பொருள்களை என்ன செய்வது என்பது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அரசு அருங்காட்சியகம் ஒன்றில் 31 ஆண்டுகள் பொருள்களுக்குப் பதிவேடு எழுதி ஓய்வுபெற்ற அம்மையார் பதிலளிக்கிறார்.)

கேள்வி: அம்மா காலமாகி ஏழு மாதம் ஆகிறது. கும்பகோணத்தில் அம்மா இருந்த வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்டோம். தை பிறப்பதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். பீரோ நிறையப் பட்டுப் புடவைகள், பரண் நிறையப் பித்தளைப் பாத்திரங்கள், இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்களும் போட்டோக்களும் இருக்கின்றன. "ஒரு வியாபாரியைக் கூப்பிட்டு மொத்தமாகக் கொடுத்துவிடு" என்று பெங்களூரிலிருக்கும் அண்ணன் தினமும் போன் செய்கிறார். தம்பி துபாயில். பீரோவைத் திறந்தாலே அம்மாவின் வாசனை வருகிறது. மூடிவிட்டு வந்துவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, திருச்சி

பதில்: பீரோவிலிருந்து தொடங்காதீர்கள், அம்மா. அதைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது கடைசி நாள் வேலை.

உங்கள் அண்ணன்மேல் கோபப்பட வேண்டாம். துக்கம் தாங்காமல் அவசரப்படுகிறவர்களும் உண்டு. நான் அப்படித்தான் அவசரப்பட்டேன். 2009-இல் பாளையங்கோட்டையில் அம்மாவின் வீட்டை நான்கே நாளில் காலி செய்தேன். வாடகை வீடுதான், ஆனால் வீட்டுக்காரர் நல்ல மனிதர், இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவராகவே சொன்னார். எனக்குத்தான் அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மச்சிலிருந்த பித்தளை அத்தனையையும் இறக்கிப் பட்டாசலில் பரப்பினேன். பாத்திரக்கடையிலிருந்து வந்தவர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை சொல்லச் சொல்ல நான் தாளில் எழுதினேன். அண்டா, குத்துப்போணி, இரண்டு குடம், சருவச்சட்டி, ஒரு தூக்குச்சட்டி.

அந்தத் தூக்குச்சட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். பிடி ஒரு பக்கம் கழன்று கம்பி போட்டுக் கட்டியிருக்கும். வாய் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'மு. செ.' என்று வெட்டியிருக்கும். 'செ'யின் கொம்பு தேய்ந்துபோய், தெரியாதவர்கள் 'ச' என்றுதான் படிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு எனக்கு அதில்தான் வரும். சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும்வரை அந்தப் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். எங்கள் வீட்டில் 'செ' என்று தொடங்கும் பெயர் யாருக்கும் கிடையாது. அது யார் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. பழைய பாத்திரம் என்றால் யாராவது ஒருவர் பெயர் இருக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் 84 வயதுப் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவர் முதலில் விசாரித்தது அந்தத் தூக்கைத்தான். 'மு. செ.' என்பது என் அம்மாவின் சொந்த அக்காவாம். கல்யாணம் நிச்சயமாகி, சீர்ப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பெயர் வெட்டி வாங்கிவைத்த பிறகு, விஷக் காய்ச்சல் கண்டு 17 வயதில் இறந்துபோனாளாம். பார்க்கச் சகிக்காமல் தாத்தா அந்தச் சீரை ஒன்றுவிடாமல் விற்றார். ஆச்சி ஒரே ஒரு தூக்கை மட்டும் நெல்குதிருக்குள் ஒளித்துவைத்து, பின்னால் இளைய மகளுக்குக் கொடுத்தாள். அம்மா அறுபது வருடம் அதைப் புழங்கினாள். எனக்கு அப்படி ஒரு பெரியம்மா இருந்தாள் என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தூக்கை நான் 'ஒரு கிலோ நூறு கிராம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

31 ஆண்டுகள் என் வேலையே பதிவேடு எழுதுவதுதான். என்ன பொருள், எதனால் செய்தது, அளவு என்ன, எந்த ஊர், யார் கொடுத்தது, அவர்கள் கைக்கு எப்படி வந்தது. கடைசி இரண்டு கட்டமும் காலியாக இருக்கும் பொருளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். அழகான விளக்காக இருக்கும். அதை ஏற்றியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஊரார் பொருளுக்கெல்லாம் எழுதிய கை, சொந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டு ஒரு வரி எழுதிவைக்கவில்லை. இந்தப் பகுதியை எழுத நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அந்தத் தூக்குச்சட்டிதான்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முதல் வேலை காகிதங்கள். கடிதங்களைச் சொல்லவில்லை; பத்திரம், பட்டா, பாஸ்புக், பாண்டு, ரசீது. அம்மாக்கள் இவற்றை ஓரிடத்தில் வைப்பதில்லை. சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டின்னுக்கு அடியில், பழைய பஞ்சாங்கத்துக்குள் எல்லாம் பாருங்கள். பார்க்காமல் ஒரு தாளையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். 10 ஆண்டுகள் வரவு செலவு இல்லாமல் கிடந்த வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகள் வங்கியில் கேட்டு வாங்கலாம். யார் பெயரில் எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேடுவதற்காகவே 'உத்கம்' என்ற இணையதளத்தை 2023-இல் தொடங்கியிருக்கிறார்கள். பழைய கம்பெனிப் பங்குப் பத்திரம் கிடைத்தாலும் செல்லாக் காகிதம் என்று கிழித்துவிட வேண்டாம். தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காத பங்குகளை மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றிவிடுவார்கள்; அங்கிருந்தும் மீட்க வழி இருக்கிறது. அலைச்சல் உண்டு, ஆனால் கிடைக்கும்.

அடுத்தது பித்தளை. இறக்கிய கையோடு எடைபோட விடாதீர்கள். புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, விளிம்பு, அடி, மூடியின் உள்பக்கம் எல்லாம் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்துபோன எழுத்தின்மேல் கொஞ்சம் அரிசிமாவைத் தடவித் துடைத்தால், புள்ளிக் குழிகளில் மாவு தங்கி எழுத்து தெளிந்துவரும். அதைப் போட்டோ எடுத்து, உங்கள் குடும்பத்தில் இருக்கிற மூத்தவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். அத்தையோ சித்தியோ அம்மாவின் பழைய தோழியோ, யாராக இருந்தாலும் இந்த வாரமே கேளுங்கள். வீட்டுக்குத் தை வரை தவணை இருக்கிறது. அவர்களுக்கு எவ்வளவு நாள் என்று நமக்குத் தெரியாது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள். யாருடையது, எப்படி வந்தது, வீட்டில் எதற்குப் பயன்பட்டது. மூன்று வரி எழுத முடிந்தால் அதை வைத்துக்கொள்ளலாமா என்று யோசியுங்கள். எழுத ஒன்றுமே இல்லாத பாத்திரத்தை எடைக்குப் போடுவதில் ஒரு குற்றமும் இல்லை. பரண் கொள்ளாமல் இருந்தாலும் மூன்று வரி தேறுவது ஆறோ ஏழோதான் இருக்கும். நான் கூடமாட நின்று ஒழித்துக்கொடுத்த வீடுகளில் எல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

வைத்துக்கொண்டதை மறுபடி பரணில் ஏற்றாதீர்கள், புழங்குங்கள். பித்தளையில் சமைப்பதென்றால் ஈயம் பூச வேண்டும். பூசுகிறவர் தடவுவது சுத்தமான வெள்ளீயமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்தால் உடம்புக்குக் கேடு. ரசம் வைத்த ஈயச் சொம்பு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீரோ ரசமோ இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் திரும்பிப் பார்ப்பதற்குள் ஓட்டை விழுந்துவிடும். மாமியார் கொடுத்த சொம்பு அப்படிப் போயிற்று என்று என்னிடம் சொல்லி அழுதவர்கள் இருக்கிறார்கள்.

பங்கு பிரிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். மூன்று வரிகளோடு பட்டியலை அண்ணனுக்கும் தம்பிக்கும் அனுப்புங்கள். விலை எழுதாதீர்கள். தம்பியிலிருந்து தொடங்கி, முறைவைத்து ஆளுக்கு ஒன்றாகக் கேட்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் அண்ணனும் படித்த பிறகு ஏதாவது ஒன்றைக் கேட்பார். அது பெரும்பாலும் காப்பி டம்ளர் மாதிரி ஏதாவது சின்னப் பொருளாக இருக்கும். கேட்டால் உடனே அனுப்பிவையுங்கள்.

இனி பீரோ. தனியாகத் திறக்காதீர்கள்; அம்மாவைத் தெரிந்த சிநேகிதி ஒருத்தியை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டில் கட்டிய நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப் புடவைகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பில் இற்றிருந்தால் கட்ட முடியாது. நல்ல பகுதியை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். 'பழைய பட்டுப் புடவை வாங்குகிறோம்' என்று வருகிறவர்களுக்குப் புடவை தேவையில்லை, ஜரிகைதான் தேவை. பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. அதை உருக்கி வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் கல்யாணப் புடவை அடுப்புக்குப் போகிறது என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான். கட்டும் நிலையில் இருப்பவற்றை அம்மா மடியில் வளர்ந்த உறவுப் பெண்களுக்குக் கொடுத்தால் அவர்கள் கல்யாணம் காட்சிக்குக் கட்டுவார்கள். நீங்கள் வைத்துக்கொள்வதைப் பிளாஸ்டிக் உறையில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் பட வேண்டாம். இரண்டு துண்டு வசம்பு போதும்.

கடிதப் பெட்டிகளை அப்படியே திருச்சிக்குக் கொண்டுபோய்விடுங்கள். தைக்குள் காலியாக வேண்டியது வீடுதான். கடிதத்தை எடுத்து ஒன்று படித்தால் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும். வருஷத் திதி முடிந்து, மனம் கொஞ்சம் ஆறிய பிறகு திறக்கலாம்.

கேள்வி: அப்பா எழுதிவைத்த மொய் நோட்டுகள் 11 இருக்கின்றன. 1974-இல் தொடங்குகின்றன. இரண்டைச் செல் அரித்துவிட்டது. நான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறேன். ஊருக்கு வருஷத்தில் ஒருமுறை போனால் அதிகம். போகியன்று எரித்துவிடலாம் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு ஏனோ மனம் வரவில்லை.
வாசகர், பேராவூரணி (இப்போது சென்னை)

பதில்: மனம் வராததுதான் சரி, தம்பி. ஆடி மாதம் பந்தல் போட்டு மொய் விருந்து வைக்கிற பூமியில் பிறந்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது நினைவுப்பொருளாவதற்கு முன்னால் கடன் கணக்கு. அப்பாவுக்கு எழுதியவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது இருக்கும். அப்பா எழுதியதில் உங்களுக்கு வரவேண்டியதும் இருக்கும். வரவேண்டியதை விட்டுவிடுவது உங்கள் விருப்பம். செய்ய வேண்டியதை விட்டால், 'அவர் போனார், அவரோடு முறையும் போயிற்று' என்று அப்பாவைத்தான் ஊர் பேசும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவோடு அல்லது விவரம் தெரிந்த பங்காளி ஒருவரோடு திண்ணையில் அரைநாள் உட்காருங்கள். தீர்ந்தது எது, நிற்பது எது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம்.

எல்லாம் தீர்ந்த பிறகும் எரிக்காதீர்கள். மொய் நோட்டைப் போல ஊரைப் பற்றிச் சொல்லும் காகிதம் வேறு இல்லை. ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், தன் பெயர், தொகை என்று ஒவ்வொரு வரியும் ஓர் ஆள். உங்கள் காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்தவர்கள், அக்கா சடங்குக்கு வந்தவர்கள், வெளியூர் பிழைக்கப் போன பிறகும் ஆள் வழியாகக் கொடுத்தனுப்பியவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். 1974-இல் 5 ரூபாய் எழுதியவர் 1990-இல் என்ன எழுதினார், எந்த வருடம் ஒருவர் பெயர் நின்று மகன் பெயர் வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் அந்த ஊர் எழுந்து நிற்கும். அடுத்தவர்கள் குப்பை என்று நினைத்த தாள்கள் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சாட்சி உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம் என்று சேர்த்துவைத்தவற்றைக் கொண்டுதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

செல் அரித்த இரண்டையும் மற்றவற்றிலிருந்து இன்றே பிரித்து வையுங்கள். நிழலில் விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிடுங்கள். வெயிலில் போட்டால் தாள் அப்பளமாக நொறுங்கும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். உங்கள் மனைவியையும் கூட உட்காரவைத்து, அவர் பிறந்த வீட்டார் பெயர் எந்தப் பக்கத்தில் முதலில் வருகிறது என்று தேடிக் காட்டுங்கள். அதன் பிறகு அவரே எரிக்க விடமாட்டார்.

கேள்வி: மாமனார் மாமியாரின் கல்யாணப் போட்டோ சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படிப் பிரிப்பது? எங்கள் 1991 கல்யாண வீடியோ கேசட்டிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது.
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பிரிக்கவே கூடாது. போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். கடற்கரை ஊரின் ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும், உங்கள் கையில் வெறும் தாள்தான் மிஞ்சும். சட்டத்தின் பின்பக்க ஆணிகளைக் கழற்றி, கண்ணாடியும் போட்டோவுமாக அப்படியே ஒரு நல்ல ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, பிரதிபலிப்பு விழாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுப்பார்கள். புதுப் படத்தை மாட்டிக்கொண்டு, பழையதைக் கண்ணாடியோடு துணியில் சுற்றிப் படுக்கைவாட்டில் வையுங்கள். மற்ற போட்டோக்களுக்கும் இதே கதி வராமல் இருக்க, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஓரத்தில் கனமான அட்டை கொடுத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள்.

கேசட்டில் தெரிவது பூஞ்சை. அதைப் பிளேயரில் போடாதீர்கள். டேப் அறுந்துவிடலாம், பிளேயரிலும் பூஞ்சை ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்குப் பரவும். சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருகிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இருக்கிற பழைய இயந்திரங்கள் ஓடும்வரைதான் இந்தக் கேசட்டுகளுக்கு வாழ்வு. மாற்றிய பிறகு இரண்டு பேர் வீட்டில் இரண்டு பிரதி இருக்கட்டும்.

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில் செல்லாத பழைய 500 ரூபாய் நோட்டுகள் 14 இருந்தன. நினைவாக வைத்துக்கொள்ளலாமா?
வாசகர், சேலம்

பதில்: பணமதிப்பிழப்பில் போன நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-இல் வந்த சட்டப்படி குற்றம். வங்கியிலும் இனி மாற்ற முடியாது. ஒரே ஒரு நோட்டைச் சுருக்குப்பைக்குள்ளேயே வைத்து, பாட்டி யாருக்கும் சொல்லாமல் அதை எதற்காகச் சேர்த்திருப்பார் என்று வீட்டில் கேட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. ஐஸ்கிரீம் டப்பா, ஜவுளிக்கடைப் பை, மருந்து பாட்டில் என்று எதையும் தூக்கிப்போட விடமாட்டார். எங்களுடையது சின்ன பிளாட். போன வாரம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது இரண்டு மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது தவறா?
வாசகி, கோவை

பதில்: தவறுதான். நேராக அத்தையிடம் போய், "கேட்காமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அத்தை" என்று சொல்லுங்கள். உங்கள் கணவரைத் தூது அனுப்ப வேண்டாம்.

1960-களின் நடுவில் தமிழ்நாட்டில் அரிசிக்குப் பட்ட பாடு உங்கள் வயதுக்காரர்களுக்குக் கதை. அத்தைக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். மூடி போட்ட ஒரு டப்பா வீட்டுக்கு வருவது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அந்தப் பழக்கத்தை வாயால் சொல்லி மாற்ற முடியாது. அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் அந்த இடத்துக்குள் அடங்கும். சமையலறையில் ஒரு தட்டை அத்தைக்கென்று விட்டுவிடுங்கள். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். அதில் நீங்கள் கை வைக்கக்கூடாது. தட்டு நிறைந்தால் புதிது ஒன்று வைக்கப் பழையது ஒன்றை அவரே எடுத்துத் தருவார். சூடான குழம்பை மட்டும் அந்தப் பிளாஸ்டிக் டப்பாக்களில் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் போட்ட இரண்டு மூட்டைகளில் என்ன இருந்தது என்று அத்தையிடம் கேளுங்கள். மூன்று நாளைக்கு மேலாக ஒருவர் பேசாமல் இருப்பது ஐஸ்கிரீம் டப்பாவுக்காக இருக்காது. இந்த மாதிரிக் குவியல்களுக்குள்தான், பிஸ்கட் டின்னுக்குள் பொத்தான்களுக்கு அடியில், பிள்ளையின் முதல் கறுப்பு வளையல் இருக்கும். போனது திரும்ப வராது. ஆனால் அவர் சொல்லட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: தாத்தா வீட்டு அரங்கில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. வீட்டில் வைத்தால் பூஜை செய்ய வேண்டும், இல்லையென்றால் ஆடிப்பெருக்கில் தாமிரபரணியில் விட்டுவிடு என்கிறார் பெரியப்பா. என்ன செய்யலாம்?
வாசகர், சங்கரன்கோவில்

பதில்: ஆற்றில் விடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அந்தக் கோயிலில் ஏடுகள் ஏராளமாக இருந்தன என்று கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டோம் என்று அங்கே இருந்தவர் அவரிடம் சொன்னார். சாத்திரம் சொன்னபடி பக்தியோடுதான் செய்தார்கள்; உங்கள் பெரியப்பாவும் பக்தியோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தத் தீயில் என்ன நூல் போயிற்று என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. அந்த மண்ணிலேயே மறுபடியும் அப்படி நடக்க வேண்டாம்.

கட்டின் கயிற்றை வலிந்து அவிழ்க்க வேண்டாம். ஒட்டியிருக்கும் ஏட்டைக் கத்தியால் நெம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவுவது, ஈரத்துணியால் துடைப்பது, வெயிலில் காயவைப்பது எதுவும் வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன; தஞ்சையில் சரசுவதி மகால் இருக்கிறது. படம் அனுப்பி விசாரியுங்கள். கொடுத்துவிட மனமில்லையென்றால், படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். பிரித்துப் பார்த்தால் வைத்தியமாக இருக்கலாம், சாதகமாக இருக்கலாம், வெறும் நெல் கணக்காகவும் இருக்கலாம். நெல் கணக்காக இருந்தாலும் அது உங்கள் தாத்தாவின் தாத்தா அளந்த நெல்.

கேள்வி: என் கணவர் இறந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கைபேசி எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இறந்தவர் பொருள் வீட்டில் இருக்கக்கூடாது என்று நாத்தனார் சொல்கிறார். கைபேசியில் அவர் குரல் இருக்கிறது. சந்தையிலிருந்து "நெத்திலி நல்லதாக வந்திருக்கிறது, வாங்கட்டுமா?" என்று கேட்டு அனுப்பியதைத்தான் தினமும் கேட்கிறேன். எனக்கு வயது 68.
வாசகி, நாகர்கோவில்

பதில்: செருப்பை யாருக்காவது போடக் கொடுங்கள், தேய்ந்துபோகட்டும், அது நடப்பதற்குத்தானே இருக்கிறது. மூக்குக்கண்ணாடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாத்தனாரிடம் சண்டை வேண்டாம், "இது மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் அது அண்ணனுடைய கண்ணாடி.

கைபேசிக்குத்தான் அவசரம். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் பல மாதம் விட்டால் எண் வேறு யாருக்காவது போய்விடும், வாட்ஸ்அப் கணக்கும் அத்தோடு போகும். ஆகவே பேரனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வந்ததும், குரல் பதிவுகள் ஒவ்வொன்றையும் உங்கள் கைபேசிக்கும் ஒரு பென் டிரைவுக்கும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் பழைய கைபேசியை மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். ஒரேயடியாகச் சார்ஜ் இறங்கிக் கிடந்தால் பேட்டரி செத்துவிடும்.

நெத்திலிப் பதிவுக்குத் தனியாகப் பெயர் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் அதன் தேதியை எழுதி, எந்தச் சந்தை என்று எழுதி, அன்றைக்கு நீங்கள் வாங்கச் சொன்னீர்களா, வந்ததும் அதைப் பொரித்தீர்களா, குழம்பு வைத்தீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள்.